“சலுகை சீட்டில் போகமாட்டேன் என்கிறாள் என் மகள்”

கேள்வி: டீச்சரம்மாவுக்கு வணக்கம். நான் பந்தலூர் தாலுகாவில் சேரம்பாடிப் பக்கம் கொழுந்து பறிக்கும் வேலை செய்கிறேன். என் மாமனார் சிலோனிலிருந்து வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்த நாளிலிருந்து எங்களுக்குத் தோட்டத்தின் இதே லைன் வீடுதான். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு 142 வருகிறது. எலக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசைப்படுகிறாள். ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மட்டும் போகவே மாட்டாளாம். கோயம்புத்தூரில் இருக்கும் என் நாத்தனார் மகன், “கோட்டா சீட்டா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. ஆறு வாரம் வீட்டையும் தம்பியையும் அவள்தான் பார்த்தாள். யானை நிற்கிறது என்று பஸ்ஸை விட்ட நாட்களும் உண்டு. இதையெல்லாம் எழுதிக் கொடுத்தால் மார்க் கூட்டிப் போடுவார்களா? போன வாரம் ஒரு காலேஜிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, ஃபீஸ் எதுவும் வேண்டாம், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்தால் போதும் என்றார்கள். வெள்ளிக்கிழமை திரும்ப வருவார்களாம். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அவர்கள் வரும்போது சான்றிதழ் எதையும் கொடுக்காதீர்கள். அசல் வேண்டாம், ஜெராக்ஸும் வேண்டாம், மகளின் போனுக்கு வரும் ஓடிபி எண்ணும் வேண்டாம். “கவுன்சலிங் வழியாகத்தான் போகப்போகிறோம், அது முடியட்டும்” என்ற ஒரு வாக்கியம் போதும். டீ கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

ஒவ்வொரு ஆண்டும் ரிசல்ட் வந்த கையோடு கீழ்நாட்டிலிருந்து இப்படிச் சிலர் மலைக்கு வருகிறார்கள். எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம். கவுன்சலிங் வழியாகப் போகாமல் நேராகச் சேர்ந்துவிட்டால் 7.5 சதவீதத்தில் அரசு ஏற்கும் கட்டணம் கிடைக்காது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கிடைக்காது. முதல் வருடம் “ஃபீஸ் இல்லை” என்பார்கள், இரண்டாம் வருடம் பேருந்துக்கு, ஹாஸ்டலுக்கு, தேர்வுக்கு என்று கணக்கு வரும். அப்போது வெளியே வரலாம் என்றால் சான்றிதழ் அவர்கள் அலமாரியில் இருக்கும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. ஆனாலும் பிடித்து வைக்கப்பட்ட ஒரு மாற்றுச் சான்றிதழை மீட்க ஒரு அப்பாவும் நானும் மூன்று தடவை கோயம்புத்தூர் போய்வந்தோம். மூன்று நாள் கூலி போனது அவருக்கு.

சரி, இப்போது 7.5-க்கு வருவோம்.

உங்கள் மகளுக்கு அதில் உரிமை இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி எல்லாம் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிதான். அரசு உதவி பெறும் பள்ளி மட்டும் இதில் வராது. நம் மலையில் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மிஷன் பள்ளிகள் பல உதவி பெறும் பள்ளிகள். சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, சத்துணவும் உண்டு. அதனால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். ஒரே லைனில், பக்கத்துப் பக்கத்து வீட்டில், ஒரே கூலி வாங்கும் இரண்டு தாய்களின் பிள்ளைகளில் ஒன்றுக்கு உண்டு, ஒன்றுக்கு இல்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை, பல வருடமாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். உங்கள் மகள் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

இது எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன், மகளிடம் பேச உதவும். 2006-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டு, தொழிற்படிப்புகளுக்கு இருந்த நுழைவுத் தேர்வை எடுத்தது. 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளை பின்தங்கிப் போகிறதே என்பதுதான் காரணம். அப்புறம் மருத்துவத்துக்கு நீட் வந்தது. பயிற்சி மையம் மறுபடி வாசலில் வந்து நின்றது. அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணும் நிலை ஆனது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையில் குழு அமைத்தார்கள். அந்தக் குழு 10 சதவீதம் கேட்டது. 2020-இல் 7.5 சதவீதமாகச் சட்டம் வந்தது. அந்த ஒரே ஆண்டில் 300-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். வகுப்பில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு, நீதிபதி முருகேசன் குழுவுக்குப் பிறகு, பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதை விரித்தார்கள். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டும் என்றும் அறிவித்தார்கள். மருத்துவ ஒதுக்கீட்டை எதிர்த்து வழக்கு நடந்தது. 2022-இல் உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது.

பிரவுசிங் சென்டர்களில், 7.5 என்றால் சின்னக் காலேஜ்தான் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. உங்கள் காதுக்கும் வந்திருக்கலாம். அது தவறு. கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்கள் வரை எல்லாவற்றிலும் இந்த ஒதுக்கீடு உண்டு. அதற்குள்ளேயும் சாதிவாரி இட ஒதுக்கீடு அப்படியே இருக்கும். எஸ்.சி.க்கு 18 சதவீதம் என்றால் 7.5-க்கு உள்ளேயும் அந்தக் கணக்குத்தான். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 7.5-இல் பெயர் இருப்பதால் பொதுக் கலந்தாய்வில் இடம் போய்விடாது. இரண்டிலும் கலந்துகொள்ளலாம். பொதுவில் நல்ல இடம் வந்தால் அதை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் கட்டணத்தை அரசு ஏற்பது 7.5 வழியாகச் சேரும் இடத்துக்குத்தான் என்பதையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

142-க்கு இந்த ஆண்டு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். யார் கொடுத்தாலும் நம்பாதீர்கள்.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். நீங்கள் இரண்டு பக்கம் எழுதிய கடிதத்தில் என்னை உட்காரவைத்தது அந்த ஒரு வரிதான்.

நீங்கள் தினமும் இலை நிறுக்கப் போய் நிற்கிறீர்கள். தராசு கிலோவைக் காட்டும். சமதரைப் பத்தியில் பறித்த கொழுந்தா, தேவாலா மழையில் கால் வழுக்கும் சரிவில் அட்டை கடிக்கக் கடிக்கப் பறித்த கொழுந்தா என்று தராசுக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும். நல்ல மேஸ்திரி என்றால் அதைப் பார்த்துத்தான் பத்தி பிரித்துக் கொடுப்பார், இன்று சரிவில் நின்றவளை நாளைக்குச் சமதரையில் விடுவார். மார்க் ஷீட்டும் ஒரு தராசுதான். உங்கள் நாத்தனார் மகன் வாங்கிய மார்க் பொய்யில்லை, அவனும் உழைத்திருப்பான். ஆனால் அவன் பள்ளி முடிந்து நடந்து போகிற தூரத்தில் டியூஷன் இருந்தது. இயற்பியல் ஆசிரியர் மாறுதலாகிப் போனால் அடுத்த வாரம் வேறொருவர் வந்திருப்பார். உங்கள் மகளின் பள்ளியில் அந்த நாற்காலி எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்று அவளிடம் கேளுங்கள், நாள் கணக்கோடு சொல்வாள். நான் வகுப்பெடுத்த காலத்தில் பந்தலூர் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருமே இதைத்தான் சொன்னார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உங்கள் மாமனார் சிலோனிலிருந்து வந்தார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதிக்கொண்டார்கள். பிரிக்கப்பட்ட ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் அட்டை வாங்கி, தெரியாத மலைக்கு லாரியில் வந்தவர்கள் காட்டைத் திருத்திப் போட்ட தேயிலைதான் இன்றைக்கு டேன்டீயில் நீங்கள் பறிப்பது. அவர்கள் வந்தபோது அந்தச் சரிவுகளில் பள்ளிக்கூடம் தயாராக இல்லை. உங்கள் வீட்டுக்காரர் எத்தனாவதோடு நின்றார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமலே எனக்குத் தெரிகிறது. மூன்று தலைமுறை கழித்து அந்த வீட்டில் ஒரு பெண் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் படித்து 142 எடுத்து நிற்கிறாள். அரசு அவளுக்குக் கொடுப்பது பழைய பாக்கியில் ஒரு சிறு தவணை. அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளத் தலை குனிய வேண்டியதில்லை.

உங்கள் ஆபரேஷனையும் யானையையும் எழுதிக் கொடுத்தால் மார்க் கூட்டுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் கூட்டமாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு வழி இருக்கிறது. வீட்டில் நோய், வறுமை, பள்ளி இடையில் தடைபட்டது, வீட்டில் ஆங்கிலம் இல்லாதது என்று மாணவர் தன் சிரமத்தை எழுதி, பள்ளியும் அதற்குச் சாட்சி சொன்னால், பல்கலைக்கழகம் சேர்க்கைத் தரவரிசைக்குச் சில புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும். இங்கிலாந்தில் பல பல்கலைக்கழகங்கள் மாணவர் எந்தப் பகுதியில் வசிக்கிறார், எப்படிப்பட்ட பள்ளியில் படித்தார் என்று பார்த்துக் குறைந்த மார்க்கிலும் இடம் தருகின்றன. நம்முடையது வேறு மாதிரி. கலந்தாய்வு நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கணினிக்கு உங்கள் வீட்டுக் கதை தெரியாது. எந்தப் பள்ளி, எந்தச் சாதி, என்ன மார்க், மூன்றையும் சான்றிதழில் பார்த்து வரிசை போடும்.

நெடுநாள் யோசித்தபிறகு எனக்கு நம் முறையே பிடித்திருக்கிறது, ஒரு காரணத்துக்காக. ஒரு பதினேழு வயதுப் பெண் தன் அம்மாவின் ஆபரேஷனை அழகான பத்தியாக எழுதி, முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, இந்தத் துயரம் போதுமா என்று காத்திருக்க வேண்டியதில்லை. நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைக்குக் கூடுதல் புள்ளி, எழுதத் தெரியாத பிள்ளைக்கு இல்லை என்ற பேச்சும் இல்லை. ஆனால் நம் முறைக்குக் கண் மங்கல். கோயம்புத்தூர் நகரத்தில் மெட்ரிக் பள்ளிக்குச் சமமாக நடக்கும் அரசுப் பள்ளியும், மழைக்கு வாரக்கணக்கில் மூடும் உங்கள் ஊர்ப் பள்ளியும் அதற்கு ஒன்றுதான். யானை வழியை மறித்த நாளுக்கு அதில் கட்டம் கிடையாது. மலைத் தாலுகாக்களுக்கென்று தனியாக ஏதாவது வேண்டும் என்பது என் கட்சி. அது வரும்போது வரட்டும், உங்கள் மகளுக்குக் கலந்தாய்வு இந்த ஆண்டுதான்.

அந்தக் கதையை எழுதவே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அரை பக்கம் எழுதி, பள்ளித் தலைமையாசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்வி அறக்கட்டளைகளின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள். கல்லூரியில் சேர்ந்தபிறகு வகுப்பு ஆலோசகரிடம் சொல்லவும் பயன்படும். உங்கள் கடிதத்தில், “என் உடம்பாலதான் அவள் மார்க் போச்சு” என்று எழுதியிருந்தீர்கள். அப்படி நினைக்காதீர்கள், அம்மா. உங்கள் உடம்பு படுத்தபோது வீட்டைப் பார்க்க ஆள் இல்லை என்பது உங்கள் குற்றமில்லை. அவளுக்கும் அப்படி ஒரு எண்ணம் இருக்காது என்றே நம்புகிறேன்.

இந்தக் காகித வேலையில் நான் ஏன் இத்தனை பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்லவேண்டும். இருபத்தேழு வருடம் அரசுக் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற பிறகு, 7.5 வந்த புதிதில், ஒரு சேர்க்கை உதவி மேசையில் உட்கார்ந்திருந்தேன். மழை நாள். ஒரு பெண் தன் பெரியம்மாவோடு வந்தாள். பஸ் மாறி மாறி வந்து, மதியம் இரண்டு மணிக்குத்தான் சேர்ந்தாள். துணிக்கடைப் பையில் சான்றிதழ்கள். மார்க் ஷீட்டின் ஓரம் நனைந்து ஊறியிருந்தது, சாதிச் சான்றில் முத்திரையின் மை பரவி நீலமாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது, ஏழாம் வகுப்பு படித்ததற்கான சான்று மட்டும் இல்லை. அந்த ஒரு வருடம் அப்பா வேறு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனதால் அங்கே உள்ள பள்ளியில் படித்திருக்கிறாள். அதுவும் அரசுப் பள்ளிதான். ஆனால் காகிதம் இல்லை. மறுநாள் மாலையோடு கடைசி. “நாளைக்கு வாங்கிட்டு வாம்மா” என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். விடுமுறைக் காலம், பள்ளி பூட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தலைமையாசிரியருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டிருக்கலாம். அவள் போன் நம்பரையாவது எழுதி வாங்கியிருக்கலாம். மறுநாள் ஐந்தரை வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வரவில்லை. தடுமாறி நின்றபோது அவள் பெரியம்மா அந்த நனைந்த ஓரத்தை முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்தது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

ஆகவே நாளைக்கே கிளம்புங்கள். மகள் ஆறாவதிலிருந்து எந்தெந்தப் பள்ளியில் எந்தெந்த ஆண்டு படித்தாள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்குங்கள். கல்வித் துறையின் எமிஸ் பதிவில் அவள் பெயர், பிறந்த தேதி, பள்ளி விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று தற்போதைய பள்ளியிலேயே பார்க்கச் சொல்லுங்கள். இன்ஷியல் ஆதாரில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இ-சேவை மையத்தில் எடுத்த புதிய வடிவில் இருக்கட்டும். தாயகம் திரும்பிய குடும்பங்களுக்குச் சாதிச் சான்று வாங்குவதில் எவ்வளவு அலைச்சல் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் ஏற்கெனவே இருப்பது பெரிய நிம்மதி. மாமனாரின் மண்டபம் அட்டை வீட்டில் இருந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள், தம்பிக்கு வேண்டியிருக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். பொதுப் பிரிவில் சேர நேர்ந்தால் அதுதான் கைகொடுக்கும்.

விண்ணப்பத்தில் உங்கள் வீட்டு போன் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் போட்டுத் தரும் பிரவுசிங் சென்டர் கடைக்காரர் அவசரத்தில் தன் நம்பரைப் போட்டுவிடுவார். இடம் ஒதுக்கிய செய்தி அவர் போனுக்குப் போய், அவர் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் உறுதி செய்யும் நாள் தாண்டிப்போன ஒரு பையனை எனக்குத் தெரியும். கல்லூரி விருப்பப் பட்டியலை மகளே நிரப்பட்டும். எது ரொம்பப் பிடிக்கிறதோ அது மேலே, அடுத்தது அதற்குக் கீழே. இது நமக்குக் கிடைக்காது என்று அவளாகவே முடிவு செய்து நல்ல கல்லூரியை விட்டுவிட வேண்டாம். கணினி மேலிருந்து கீழேதான் பார்த்து வரும். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. கூடவே கூடலூர் அரசு கலைக் கல்லூரிக்கும் ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கட்டும். இயற்பியல் படித்தும் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போகலாம்.

இனி வருவது உங்கள் மகளுக்கு. இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வேலைக்குப் போங்கள். உட்கார்ந்து படிக்கட்டும்.

கண்ணு, உன் பெயர் தெரியாது, அம்மா எழுதவில்லை. அந்தப் பையன் சிரித்தது உனக்கு வலித்திருக்கும். நீ எழுந்து போனதில் தப்பு எதுவும் இல்லை.

சில விஷயங்களை மட்டும் தெரிந்துகொள். 7.5-இல் நீ யாரோடு போட்டி போடுகிறாய் தெரியுமா? உன்னைப் போலவே காலி நாற்காலியைப் பார்த்துப் படித்த பிள்ளைகளோடு. அதிலும் மார்க் வரிசைதான், அதிலும் உனக்கு முன்னால் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் நீ வருகிறாய். கல்லூரியில் சேர்ந்தபிறகு உனக்கென்று தனிக் கேள்வித்தாள் கிடையாது. செமஸ்டர் தேர்வில் விடைத்தாளுக்கு டம்மி நம்பர் போட்டுத்தான் திருத்தப் போகும். திருத்துபவருக்கு நீ எந்த ஊர், எந்தச் சீட்டு, ஆணா பெண்ணா என்று எதுவும் தெரியாது. நானும் அப்படிக் கட்டுக் கட்டாகத் திருத்தியிருக்கிறேன். நான்கு வருடம் கழித்து உன் கையில் கொடுக்கும் பட்டத்தில் உன் பெயர், படிப்பு, வகுப்பு இருக்கும். எந்த ஒதுக்கீட்டில் வந்தாய் என்று அதில் எழுதமாட்டார்கள்.

எனக்கு உண்மையில் உன் சேர்க்கையைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. முதல் செமஸ்டரைப் பற்றித்தான் பயம். தமிழ் மீடியத்தில் வந்த மலைப் பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். முதல் வாரம் ஆசிரியர் பலகையில் மேட்ரிக்ஸ் என்று எழுதுவார். அது நீ படித்த அணிகள்தான். டிஃபரன்சியேஷன் என்பார், அது வகையிடல். உனக்குத் தெரிந்த கணக்கு தெரியாத சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும், நீ எல்லாமே புதிது என்று மிரண்டுவிடுவாய். இதற்கு ஒரு வழி சொல்கிறேன், என் மாணவிகளுக்குச் சொன்னதுதான். இந்த விடுமுறையில் உன் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தையும் இயற்பியல் புத்தகத்தையும் எடு. அதே புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பு பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதிக்கொண்டே வா. ஒரு நாளைக்குப் பதினைந்து போதும். கல்லூரி திறப்பதற்குள் நோட்டு நிரம்பிவிடும். அந்த நோட்டோடு போன ஒரு பெண் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் இல்லாமல் வந்தாள், விடுதியில் அவள் நோட்டை ஜெராக்ஸ் எடுத்தவர்கள் பதினோரு பேர்.

புரியாததை வகுப்பிலேயே கேள். ஆங்கிலத்தில் வரவில்லை என்றால் தமிழில் கேள். சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாவது தடவை பார்க்கமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கும். ஒரு பேப்பர் போய்விட்டால் அம்மாவிடம் மறைக்காதே. மறைத்துப் பாதியில் வீட்டுக்கு வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், தோற்றதால் வந்தவர்களை அவ்வளவு பார்த்ததில்லை. உன் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருக்கிறதா என்றும் பார். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உனக்கு வரவேண்டும். கல்லூரி அலுவலகத்தில் நீயே கேட்டுப் பதிந்துகொள். அந்தப் பணத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் நான் சொல்கிறேன்.

எல்லாம் படித்தபிறகும் 7.5 வேண்டாம் என்றுதான் தோன்றினால், அது உன் முடிவு. ஆனால் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை இப்போது டிக் செய்துவிடு. இரண்டு பக்கமும் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு அன்றைக்கு முடிவெடு. வேண்டாம் என்று பிறகு சொல்ல வழி இருக்கிறது. வேண்டும் என்று பிறகு சொல்ல வழி இல்லை.

சகோதரி, மறுபடி உங்களுக்கு. சான்றிதழ்களை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, காற்றில்லாமல் மடித்து, அதற்கு மேல் பை. கலந்தாய்வு உதவி மையத்துக்குப் போகும் அன்று முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். யானை நிற்கிறது என்று தகவல் வந்தால் உதவி மையத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, வெளிச்சம் வந்தபிறகு கிளம்புங்கள். ஏதாவது ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால், அங்கிருந்து வெளியே வருவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்யுங்கள்.